பாலைத் திரித்தது எது?

மணப்பாடு, குலசேகரன்பட்டினம், உடன்குடி வட்டாரத்தில் மாடு வைத்திருக்கிற நாங்கள் நாலைந்து பேர் கொஞ்ச நாளாக ஒரு பேச்சு பேசிக்கொண்டிருக்கிறோம். மிஞ்சுகிற பாலை சீஸாக்கி விற்றால் என்ன? வாங்க ஆள் இருக்கிறது. காயல்பட்டினத்தில் வளைகுடாவிலும் ஹாங்காங்கிலும் சம்பாதித்துத் திரும்பியவர்கள் நிறைய. ஊருக்கு வரும்போதெல்லாம் தகர டப்பா சீஸ் கொண்டுவந்து கொண்டுவந்து பிள்ளைகளின் நாக்கு அதற்குப் பழகிவிட்டது. நோன்புக் காலத்தில் வீட்டிலேயே பீட்சா போடுகிறார்கள்.

ஆனால் பேச்சை எடுத்ததுமே அவர்கள் கேட்கிற முதல் கேள்வி ருசியோ விலையோ அல்ல. "இது ஹலாலா காக்கா? பாலைத் திரிக்க என்ன ஊத்துவீங்க?" எங்களில் சிலருக்கு இது வேடிக்கையாகப்பட்டது. பால்தானே, பாலில் என்ன ஹலால், ஹராம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இயற்கை வேளாண்மை என்று பேசுகிற நாம் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அவர்கள் கேட்டுவிட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

பாலைத் திரிக்க ரெண்டு வழி உண்டு. ஒன்று புளிப்பு. எலுமிச்சை, வினிகர், புளித்த மோர் எதை விட்டாலும் சூடான பால் திரிந்துவிடும். பனீர் அப்படித்தான் வருகிறது. இன்னொன்று ரென்னெட். பால்குடி மறக்காத கன்றின் நாலாவது வயிற்றில் ஊறுகிற நொதி அது. குடித்த பாலைக் கட்டியாக்கி மெதுவாகச் செரிக்க இயற்கை வைத்த ஏற்பாடு. ஐரோப்பாவில் அந்த வயிற்றைக் காயவைத்து, உப்பு நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைப் பாலில் விட்டார்கள். 100 லிட்டர் பாலுக்கு 20 மில்லி போல விட்டாலே போதும். செடார், கவுடா, பார்மஜான் என்று நாம் பேர் கேட்ட சீஸ் எல்லாம் அந்த வழியில் பிறந்தவைதான். இத்தாலியின் அசல் பார்மஜானுக்கு இன்றைக்கும் கன்றின் ரென்னெட்தான், வேறு விடக்கூடாது என்பது அவர்கள் விதி.

கன்றை அறுத்தால்தான் அந்த வயிறு கிடைக்கும். அறுத்தது யார், எப்படி அறுத்தார்கள் என்பதில்தான் முஸ்லிம்களின் கேள்வி தொடங்குகிறது. சீஸ் அவர்கள் மார்க்கத்துக்குப் புதிதில்லை. தபூக்கில் நபிகள் நாயகத்திடம் பாலாடைக்கட்டி கொண்டுவரப்பட்டபோது, கத்தி கேட்டு வாங்கி, இறைவன் பெயர் சொல்லி அறுத்ததாக அபூதாவூதின் ஹதீஸ் தொகுப்பில் ஒரு செய்தி இருக்கிறது. பிற்காலச் சட்ட அறிஞர்கள் இதில் வேறுபட்டார்கள். முறைப்படி அறுக்காத கன்றின் ரென்னெட்டும் தூய்மையானதுதான் என்பது இமாம் அபூஹனீஃபாவின் கருத்து. ஷாஃபி மத்ஹபில் அது செல்லாது. முறைப்படி அறுத்த, பால் மட்டுமே குடித்த குட்டியின் ரென்னெட்தான் ஆகும். நம் கடற்கரை முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபி. உள்நாட்டில் ஹனஃபி அதிகம். ஆகவே ஒரே சீஸைப் பற்றி மதுரைப் பக்கத்து ஆலிம் சொல்வதும் காயல்பட்டினத்து ஆலிம் சொல்வதும் வேறாக இருக்கலாம். பன்றி என்றால் எல்லோருக்கும் ஒரே பதில்தான். 1960, 70களில் கன்று வயிற்றுக்குத் தட்டுப்பாடு வந்தபோது வெளிநாட்டு ஆலைகள் பன்றி வயிற்றின் பெப்சினைக் கலந்ததும் உண்டு. பழைய ஆட்கள் சீஸ் என்றாலே தயங்குவதில் நியாயம் இருக்கிறது. பீரில் கழுவிப் பழுக்கவைக்கிற சீஸும், ஒயின் கலந்த சீஸும் அங்கே உண்டு. சில இத்தாலிய வகைகளில் காரமான வாசத்துக்காக ஆட்டுக்குட்டியிலிருந்து எடுத்த லைபேஸ் நொதியைச் சேர்ப்பார்கள்.

நம் நாட்டுக் கதை வேறு. உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தின் விதியில் சீஸ் என்பதற்கான வரையறையே, விலங்கிலிருந்து எடுக்காத ரென்னெட் அல்லது வேறு தகுந்த பொருளால் திரித்தது என்றுதான் இருக்கிறது. எனவே சட்டப்படி செய்த உள்நாட்டு சீஸில் கன்று வயிறு இருக்காது. பச்சைப் புள்ளியும் இருக்கிறது. அப்புறம் என்ன பிரச்சினை?

பிரச்சினை நமக்குத்தான். கன்று போன இடத்துக்கு என்ன வந்தது?

ரெண்டு வந்தன. ஒன்று, ரைசோமியூகார் மீஹெய் என்ற பூஞ்சை. அதை வளர்த்தால் அதுவே பாலைத் திரிக்கிற நொதியைச் சுரக்கும். அதன் மரபணுவில் யாரும் கை வைக்க வேண்டியதில்லை. மாதக்கணக்கில் பழுக்கவைக்கிற சீஸில் கொஞ்சம் கசப்பு தட்டும், பச்சை சீஸுக்குக் குறையில்லை. இன்னொன்று, கன்றின் மரபணுவை எடுத்து நுண்ணுயிரிக்குள் வைத்து, தொட்டியில் பெருக்கி எடுக்கிற கைமோசின். ஃபைசர் நிறுவனம் ஈ.கோலை பாக்டீரியாவைக் கொண்டு உண்டாக்கிய இதற்கு 1990இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. மரபணு மாற்றத்தால் வந்த ஒரு பொருள் உணவில் சேர அந்த நாட்டில் கிடைத்த முதல் அனுமதியே அதுதான். இன்று அமெரிக்காவில் பெரும்பாலான சீஸ் இதில்தான் திரிகிறது.

கன்று சாகவில்லை என்பதால் சைவ அமைப்புகள் இதை ஏற்றுக்கொண்டன. அறுப்பு இல்லை என்பதால் ஹலால் சான்று கொடுக்கிற அமைப்புகள் பலவும் ஏற்றுக்கொண்டன. அவர்கள் அளவுகோலில் அது சரி. நம் அளவுகோல் வேறல்லவா? பி.டி. கத்தரிக்காய் வேண்டாம் என்று ஊர் ஊராகப் போய்க் கத்தி, 2010 பிப்ரவரியில் மத்திய அரசை அதை நிறுத்தி வைக்கச் செய்தோம். அந்தக் கத்தரிக்காய்க்கு 20 வருடம் முன்பே இது சீஸுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அதைப் பற்றி நம் மேடைகளில் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். சுத்திகரித்த கைமோசினில் அந்த மாற்றிய பாக்டீரியா இருப்பதில்லை. சீஸ் சாப்பிட்டால் நோய் வரும் என்று நான் பயமுறுத்தவில்லை. நான் கேட்பது, எது என்று தெரிந்துகொள்ளும் உரிமையை. பாக்கெட்டில் "மைக்ரோபியல் ரென்னெட்" என்று போட்டிருந்தால் அது பூஞ்சையா, கன்று மரபணு ஏற்றிய நுண்ணுயிரியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இயற்கை விளைபொருளுக்கான தேசியத் தரநிலையில் மரபணு மாற்றிய எதற்கும் இடமில்லை. அப்படியிருக்க, நம் மாட்டுக்கு விஷமில்லாத் தீவனம் போட்டுக் கறந்த பாலை, பெயர் தெரியாத பாட்டிலிலிருந்து நாலு சொட்டு விட்டுத் திரித்து, மேலே "இயற்கை" என்று எழுதினால் அது என்ன நியாயம்?

இன்னொன்றும் இருக்கிறது. விதையைக் கம்பெனியிடம் வருடா வருடம் வாங்காதே என்கிறோம். உறையை மட்டும் வாங்கலாமா? தயிருக்கு உறைமோர் பக்கத்து வீட்டில் வாங்கிய ஊர் இது.

உறை நம் கையிலேயே இருக்கிற சீஸ் நம் நாட்டிலேயே உண்டு. ஜம்முவில் குஜ்ஜர், பக்கர்வால் என்கிற முஸ்லிம் மேய்ப்பர்கள் கலாரி என்று ஒரு சீஸ் செய்கிறார்கள். முன்பே புளிக்கவைத்த பால் தண்ணீரை ஊற்றிப் பாலைத் திரித்து, கட்டியைப் பிசைந்து இழுத்து, வட்டமாகத் தட்டி வெயிலில் உலர்த்துவார்கள். கல்லில் போட்டால் இளகிப் பொன்னிறமாக வரும். ரென்னெட்டே கிடையாது, அதனால் ஹலால் பற்றிய சந்தேகத்துக்கும் இடமில்லை. இன்றைய தண்ணீர் நாளைக்கு உறை. விதை எடுத்து வைப்பது போலத்தான்.

செடிகளும் உண்டு. நம் அமுக்கராவின் பங்காளிச் செடி ஒன்று வடமேற்கு இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் விளைகிறது. பனீர் டோடி என்பார்கள். அதன் காயை ஊறவைத்த தண்ணீர் பாலைத் திரிக்கும். போர்ச்சுகலில் செர்ரா த எஸ்த்ரேலா என்ற பேர்பெற்ற ஆட்டுப்பால் சீஸை ஒரு முள்செடியின் பூவால்தான் திரிக்கிறார்கள். (போர்ச்சுக்கீசியர் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து மணப்பாட்டுக்கு வேதத்தைக் கொடுத்தார்கள், இந்த வித்தையை மட்டும் கொடுக்காமல் போய்விட்டார்கள்.) மேற்கு ஆப்பிரிக்காவில் ஃபுலானி மேய்ப்பர்கள், அவர்களும் முஸ்லிம்கள்தான், எருக்கு இனச் செடியின் சாற்றால் வாகாஷி என்ற சீஸ் செய்கிறார்கள். தேரிக்காடு முழுக்க எருக்கு இருக்கிறதே என்று யாரும் பறித்து ஊற்றிவிடாதீர்கள். நம் எருக்கம்பால் விஷம். அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பக்குவம் தெரியும், நமக்குத் தெரியாது.

எங்கள் பகுதியில் செடார் செய்ய ஆசைப்படுவது வீண் என்பதும் என் கருத்து. பழுக்கவைக்கப் பத்துப் பன்னிரண்டு டிகிரியில் மாதக்கணக்கில் அறை வேண்டும். கொடைக்கானலில் அது காற்றிலேயே கிடைக்கும். மணப்பாட்டுக் கடல்காற்றில் கரண்ட் பில்தான் பழுக்கும். பாலை 63 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, பனீர் வடித்த தண்ணீரை ஒருநாள் புளிக்கவைத்து அதனாலேயே அடுத்த நாள் பாலைத் திரிக்கலாம். 10 லிட்டர் பசும்பாலுக்கு ஒன்றரைக் கிலோ போல பனீர் தேறும். உப்புநீரில் போட்டுவைக்க உப்பும் இந்த மாவட்டத்து உப்பளத்திலேயே இருக்கிறது.

ஹலால் முத்திரை வாங்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். சின்ன உழவருக்கு அது தேவையில்லாத செலவு என்பேன். போதாக்குறைக்கு முத்திரையே சண்டைப் பொருளாகிவிட்டது. 2013இல் இலங்கையில் எதிர்ப்புக் கிளம்பி, ஜம்இய்யத்துல் உலமா அந்த முத்திரையை விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. 2023 நவம்பரில் உத்தரப் பிரதேச அரசு ஹலால் சான்று பெற்ற பொருள்களின் விற்பனையையே தடை செய்தது, ஏற்றுமதிக்கு மட்டும் விலக்கு. பால் பொருளும் அதில் அடக்கம். நாம் ஒட்ட வேண்டியது முத்திரை அல்ல, விவரம். பால் எந்த மாட்டுடையது, திரித்தது எது, உப்பு எவ்வளவு என்று தமிழில் எழுதி ஒட்டுவோம். ஷாஃபியோ ஹனஃபியோ, சைவக்காரரோ, படித்துவிட்டு அவரவர் முடிவெடுக்கட்டும்.

இயக்கத்திடம் ஒரு கோரிக்கை. சீஸ் பாக்கெட்டில் ரென்னெட் எந்த உயிரிலிருந்து வந்தது, மரபணு மாற்றியதா இல்லையா என்று எழுத வேண்டும் எனத் தர ஆணையத்தைக் கேட்டு அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள். ஜமாஅத்துகளையும் சேர்த்துக்கொண்டே கேட்கலாம், இதில் அவர்களுக்கும் அக்கறை உண்டு. சீஸ் செய்துகொண்டிருக்கிற தோழர்கள் எதை ஊற்றுகிறீர்கள் என்று இந்த இதழுக்கு எழுதுங்கள். எருமைப்பாலில் கலாரி முறையைச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் முதலில் எழுதுங்கள்.