விளையாட்டும் வீட்டுக் கணக்கும்

குத்தாலம் வட்டாரத்தில் தாளடி அறுவடை முடிந்து உழைப்பாளி கையில் நாலு காசு சேர்ந்தவுடன், அதைப் பறித்துக்கொள்ளக் கோவில் உண்டியலும், காதுகுத்துச் சீரும், கைப்பேசிச் சூதாட்டமும் காத்துக் கிடக்கின்றன. இவற்றுக்கெல்லாம் பணம் கிடைக்கிறது. வீட்டுப் பிள்ளை ஒரு கேரம் பலகை கேட்டால் மட்டும், "விளையாட்டுக்கு ஏது காசு?" என்கிறோம். இது என்ன கணக்கு?

விளையாட்டு வீண் செலவு என்பதை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். பக்கத்து மயிலாடுதுறையில் 1969-ல் பிறந்து, 5 முறை உலகச் சதுரங்க சாம்பியனான விசுவநாதன் ஆனந்துக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர் அவருடைய தாயார். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் 3 தங்கம் வென்ற சென்னை காசிமா ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். இவர்களை வெல்ல வைத்தது தலையெழுத்தா? பயிற்சியும் அறிவுமே அல்லவா?

சூது வேறு. உழைக்காமல் பணம் கொட்டும் என்ற சூதாடியின் நம்பிக்கைக்கும், பக்தனின் வேண்டுதலுக்கும் பேதமில்லை. பெண்டாட்டியைப் பணயம் வைத்தவனுக்குத் தருமன் என்று பெயர் வைத்த நாடல்லவா இது! இணையச் சூதுக்கு எதிராக 2022-ல் தமிழ்நாடு சட்டமன்றமும், 2025-ல் நாடாளுமன்றமும் சட்டம் செய்தன. புத்தி மாறாவிட்டால் சட்டத்தால் மட்டும் என்ன பிரயோஜனம்?

நிற்க, பலகையை எங்கே வாங்குவது? இணையத்தில் 50 ரூபாய் குறைவு என்பார்கள், இருக்கலாம். ஆனால் பலகை வளைந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து வாங்க விடுபவரும், காய் தொலைந்தால் வேறு காய் எடுத்துக் கொடுப்பவரும் உள்ளூர்க் கடைக்காரரே. அவர் கடை வாசலில் ஒரு பலகை போட்டு நாலு தெருப் பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்தால், எந்தக் காயை எந்தச் சாதிக்காரன் தொட்டான் என்று யார் பிரிக்க முடியும்? அப்படிப்பட்ட கடை மூடிப்போனால் நஷ்டம் வியாபாரிக்கு மட்டுமல்ல, ஊருக்கும்தான்.

ஆனால் தோழர்களே, கடைக்காரருக்குத் தருமம் செய்யவோ, கடன்பட்டு வாங்கவோ நாம் சொல்லவில்லை. சோறு, துணி, படிப்பு, பழைய கடன் ஆகியவற்றுக்கு ஒதுக்கிய பின், மாதம் 100 ரூபாய் விளையாட்டுக்கென்று எழுதி வையுங்கள். 4 வீடுகள் சேர்ந்தால் 3 மாதத்தில் 1200 ரூபாய். அதற்குள் அடங்குவதை ரொக்கம் கொடுத்து வாங்கிப் பொதுவில் வையுங்கள். கணக்கு எழுதும்போதும், பலகைமுன் உட்காரும்போதும் ஆணோடு பெண்ணும் சமமாக இருக்கவேண்டும்.

முதல் 100 ரூபாய்க்கு எங்கே போவது என்பீர்களானால், உண்டியலுக்கென்று முடிந்து வைத்திருப்பதை அவிழ்த்து எடுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது; இருந்தால்தானே கோபித்துக்கொள்ள!