வீட்டு ரவுட்டர்: மூளை இருக்கிறது, முதுகெலும்பு எங்கே?

ரவுட்டர் என்றதும் பலருக்கு வீட்டு மூலையில் மினுக்கிக்கொண்டிருக்கும் இணையப் பெட்டிதான் நினைவுக்கு வரும். இது அதுவல்ல. தச்சர்கள் மரத்தில் பள்ளம் எடுக்கவும் ஓரம் உருட்டவும் பயன்படுத்தும் ரவுட்டர். அதைக் கையில் பிடிக்காமல், மூன்று திசைகளில் நகரும் ஒரு சட்டத்தில் கட்டி, கணினி சொல்லும் பாதையில் ஓடவிட்டால் அதுதான் சிஎன்சி ரவுட்டர். பூஜை அறைக் கதவுகளில் இப்போது கொடியும் இலையுமாக அச்சில் வார்த்தது போல வேலைப்பாடு வருகிறதே, அதில் பெரும்பகுதி இதன் பெரிய அண்ணன்கள் வெட்டியதுதான்.

இதை வீட்டிலேயே கட்டலாம் என்பது இன்று ரகசியமே அல்ல. ஒரு காலத்தில் பிரிண்டர் செருகும் பேரலல் போர்ட் உள்ள பழைய கணினியைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. 2009-இல் ஜிஆர்பிஎல் என்ற இலவச மென்பொருள் வந்த பிறகு உள்ளங்கை அளவு ஆர்டுயினோ போர்டே போதும் என்றாகிவிட்டது. நாலு ஸ்டெப்பர் மோட்டார், அவற்றுக்கு டிரைவர், ஒரு பவர் சப்ளை வாங்கினால் மின்னணுப் பாதி முடிந்தது.

சிக்கலே இங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்தப் பாதி முடிந்ததும் இயந்திரமே முடிந்துவிட்டது என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். பட்ஜெட்டில் முக்கால்வாசி மோட்டாருக்கும் போர்டுக்கும் போய்விடும். மிச்சக் காசில் எம்டிஎஃப் பலகையும் இரண்டு மெல்லிய கம்பிகளும் வாங்கிச் சட்டம் கட்டுவார்கள். மோட்டார் சுற்றியவுடன் வீடியோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்புவார்கள். காற்றில் பேனா படம் வரையும்போது எல்லா இயந்திரமும் அழகாகத்தான் ஓடும். மரத்தில் பிட் இறங்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். சாதாரண ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி வைக்கும். டிரைவரில் அதை எட்டாகப் பிரித்தால் 1,600. ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும் திருகுத் தண்டை அதில் மாட்டினால், ஓர் அடிக்கு சுமார் 0.003 மி.மீ. கேட்கவே பெருமையாக இருக்கிறது. இப்போது சட்டத்துக்கு வாருங்கள். 12 மி.மீ. தடிமன் உள்ள உருக்குக் கம்பியை 600 மி.மீ. இடைவெளியில் இரண்டு முனையிலும் தாங்கி, நடுவில் ஐந்து கிலோ எடையை வைத்தால் அது ஒரு மி.மீ.க்கு மேல் தொய்யும். இரண்டு கம்பி போட்டால் அரை மி.மீ. அதாவது மூளை ஆயிரத்தில் மூன்று பங்கு பேசிக்கொண்டிருக்க, உடம்பு அரை மி.மீ. ஆடுகிறது!

இதற்கு மருந்தும் அதே கணக்கில் இருக்கிறது. கம்பியின் வளைவு நீளத்தின் மும்மடிக்கு ஏறும், தடிமனின் நான்காம் மடிக்குக் குறையும். நீளத்தை இரண்டு மடங்காக்கினால் வளைவு எட்டு மடங்கு. அதே 600 மி.மீ.க்கு 12-க்குப் பதில் 20 மி.மீ. கம்பி போட்டால் தொய்வு ஏழில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அடியில் முழு நீளமும் தாங்கு கொடுத்த ரெயில் போட்டால் இந்தத் தொல்லையே பெரும்பாலும் ஒழியும். ஆனால் வாங்கும் நேரத்தில் ஆசை "நாலுக்கு நாலு அடி பலகை வெட்ட வேண்டும்" என்றுதான் சொல்லும். முதல் இயந்திரத்துக்கு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி போதும். அதற்கு மேல் கேட்கும் ஆசையை அடக்குவதுதான் உண்மையான டிசைன் வேலை.

சரித்திரமும் இதையேதான் சொல்கிறது. 1940-களின் கடைசியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கைகளுக்கான வளைவுகளைத் துல்லியமாக வெட்ட வழி தேடினார். வளைவின் புள்ளிகளைத் துளை அட்டை இயந்திரத்தில் கணக்கிட்டு, ஒருவர் எண்களைப் படிக்க, மற்றவர்கள் ஆளுக்கொரு கைப்பிடியைச் சுற்றி வெட்டிப் பார்த்தார்கள். அந்த யோசனை அமெரிக்க விமானப்படையின் பணத்தோடு எம்.ஐ.டி. ஆய்வகத்துக்குப் போய், 1952-இல் தானே ஓடும் மில்லிங் இயந்திரமாக அரங்கேறியது. கட்டுப்பாட்டுப் பெட்டி முழுக்க வெற்றிடக் குழாய்கள். இயந்திரத்தை விடப் பெரியது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது ஏற்கெனவே தொழிற்சாலைக்காகச் செய்யப்பட்ட கனமான சின்சினாட்டி ஹைட்ரோ-டெல் இயந்திரம். பலமான உடம்புக்குப் புது மூளை வைத்தார்கள். வீட்டில் நடப்பது தலைகீழ்: நல்ல மூளையை வாங்கி அதை நோஞ்சான் உடம்பில் வைக்கிறார்கள்.

நோஞ்சான் உடம்பின் கெடுதல் அளவு பிசகுவதோடு நிற்பதில்லை. இரண்டு வெட்டு முனை உள்ள பிட் நிமிடத்துக்கு 18,000 சுற்று சுற்றுகிறது, ஒவ்வொரு முனையும் 0.05 மி.மீ. சீவ வேண்டும் என்றால் நிமிடத்துக்கு 1,800 மி.மீ. வேகத்தில் ஓட்ட வேண்டும். சட்டம் அதிர்கிறதே என்று பயந்து 300-க்கு இறக்குகிறார்கள். இப்போது முனைக்குக் கிடைப்பது 0.008 மி.மீ. அது சீவாது, தேய்க்கும். மரம் கருகும், பிட் சூடேறி மழுங்கும். மழுங்கிய பிட் இன்னும் அழுத்தும், சட்டம் இன்னும் வளையும். பழி மட்டும் "சீப்பான பிட்" மேல் விழும்.

"இவ்வளவு பாடு எதற்கு, 3018 என்று சின்ன கிட் ரெடியாக விற்கிறதே, வாங்கிவிட்டால் என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெயர்ப்பலகை வெட்டிக் காசு பார்ப்பதுதான் நோக்கம் என்றால் ரெடிமேட் வாங்குவதே புத்தி. சொந்தமாகக் கட்டினால் மலிவு என்பது பாதிப் பொய். உடைந்த பிட்டும், தப்பாக வாங்கிய கப்ளிங்கும், இரண்டாம் முறை வாங்கிய ரெயிலும் அந்தக் கணக்கில் வராது. ஆனால் இயந்திரம் ஏன் பிழை செய்கிறது என்று தெரிய வேண்டுமென்றால் கட்டித்தான் ஆக வேண்டும். 300, 400 மி.மீ. பக்கங்களை அளந்து குறுக்கே 500 வருகிறதா என்று பார்த்து, வராமல் போய், போல்ட்டை எல்லாம் தளர்த்தி மறுபடி மட்டம் பிடித்தவனுக்குத் தெரிவது மெக்கானிக்கல் பாடப் புத்தகம் படித்தவனுக்குத் தெரியாது. முதல் இயந்திரம் சுமாராகத்தான் வரும். அதை வைத்து இரண்டாவதற்கு வேண்டிய துண்டுகளை வெட்டிக்கொள்ளலாம். முதலாவதின் கோணல் இரண்டாவதற்குள் புகாமல் ஒவ்வொரு துண்டையும் அளந்து பார்த்தால் சரி.

பணத்தை எங்கே வைப்பது என்றால் முதலில் சட்டத்துக்கும் ரெயிலுக்கும், பிறகு திருகுத் தண்டுக்கு, அப்புறம்தான் மோட்டாருக்கு. போர்டைப் பின்னால் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், பத்து நிமிட வேலை. கோணலான சட்டத்தை மாற்ற இயந்திரத்தையே பிரிக்க வேண்டும்.

இந்தப் பட்டியலில் யாரும் எழுதாத இரண்டு செலவுகள் உண்டு. ஒன்று, சிவப்பு அவசர நிறுத்தப் பொத்தான். அது மென்பொருளுக்குத் தகவல் சொல்வதோடு நிற்காமல் பிட்டைச் சுழற்றும் மோட்டாரின் மின்சாரத்தையே துண்டிக்க வேண்டும். கணினி உறைந்து நிற்கும்போது மவுஸைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. இன்னொன்று, தூசி உறிஞ்சியும் முகக்கவசமும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவிலேயே வைத்திருக்கிறது. எம்டிஎஃப் தூளில் பசையும் சேர்ந்து வரும். படுக்கையறை மூலையில் இயந்திரத்தை வைத்து, வெட்டி முடித்ததும் துடைப்பத்தால் பெருக்கித் தள்ளுகிறவர்கள் நாலு மோட்டாரில் ஒன்றைக் குறைத்தாவது உறிஞ்சியை முதலில் வாங்கட்டும்.