ஊரா, காலனியா?

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை மாலை. புறவழிச்சாலை பிரியும் இடத்தில் உள்ள டீக்கடையில் நின்றிருந்தோம். எதிரே வாகனச் சோதனை. பழைய ஸ்பிளெண்டரில் வந்த இளைஞர் ஒருவரை மறித்தார்கள். பின்னால் அவருடைய அப்பா. கையில் அரசு மருத்துவமனைச் சீட்டும் மாத்திரைப் பையும். இருவர் தலையிலும் ஹெல்மெட் இருந்தது.

ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., இன்சூரன்ஸ் மூன்றையும் அந்த இளைஞர் காட்டினார். குறை ஒன்றும் இல்லை. "எந்த ஊரு தம்பி?" என்று கேட்டார் காவலர். ஊர்ப் பெயரைச் சொன்னார். உரிமத்தில் இருந்த முகவரியை மறுபடியும் பார்த்துவிட்டு அடுத்த கேள்வி வந்தது.

"ஊரா, காலனியா?"

"காலனிங்க சார்."

அதுவரை 'தம்பி' என்றவர் அந்த நொடியில் 'டா'வுக்கு மாறிவிட்டார். "வண்டி யாருதுடா?" என்றார். "என் பேர்லதான் சார் ஆர்.சி. இருக்கு" என்று பதில். "எதிர்த்தா பேசுற?" என்று வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். "ஓரமா நில்லு." தன் வயதில் பாதிகூட ஆகாத அந்தக் காவலரைப் பார்த்து அப்பா கும்பிட்டார். "ஐயா, சின்னப் பையன், தெரியாம பேசிட்டான்." மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது அப்பாவின் கை அவர் தோளை அழுத்தியது. பின்னால் வந்தவர்கள் எல்லாம் காகிதத்தைக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். இவர்கள் இருவரும் 40 நிமிடம் நின்றார்கள்.

நாம் சாலையைக் கடந்து போய், "என்ன குறை சார்? அபராதம் என்றால் ரசீது போடுங்கள், கட்டிவிடுகிறோம்" என்றோம். "சும்மா விசாரிச்சோம்" என்ற பதிலோடு சாவி திரும்பி வந்தது. டீக்கடைக்கு அழைத்து வந்து உட்கார வைத்த பிறகு அந்த இளைஞர் சொன்னார்: "இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் படிக்கிறேண்ணா. வேலையைத் தடுத்தேன்னு ஒரு கேஸ் போட்டாப் போதும், எல்லாம் போச்சு."

அந்த மௌனத்தைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. வாகனச் சோதனையில் எழும் வாக்குவாதம் எங்கே போய் முடியும் என்பது அப்பாக்களுக்குத் தெரியும். 2018 மார்ச்சில் திருச்சி அருகே, ஹெல்மெட் சோதனையின்போது நிற்காமல் போன தம்பதியை விரட்டிச் சென்று பைக்கை உதைத்ததாக ஓர் ஆய்வாளர் கைதானார். கீழே விழுந்த மனைவி உயிரிழந்தார். 2021 ஜூனில் சேலம் மாவட்டச் சோதனைச்சாவடி ஒன்றில் தடியடிபட்ட வியாபாரி இறந்தார். சிறப்பு உதவி ஆய்வாளர் கைதானார். இவை சாதியால் நேர்ந்தவை என்று நாம் சொல்லவில்லை. பொதுவாகவே சாலையோரத்தில் இத்தனை ஆபத்து இருக்கிறது என்றால், அதன்மேல் 'காலனியா?' என்ற கேள்வியும் சேரும்போது என்ன ஆகும் என்றுதான் கேட்கிறோம்.

வாகனச் சோதனை வேண்டாம் என்பதல்ல நம் வாதம். ஹெல்மெட் இல்லாமல் போய்ச் செத்த பிள்ளைகள் நம் தெருவிலும் உண்டு. ஹெல்மெட் போடாவிட்டால் 1,000 ரூபாய், உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம். தப்பு செய்தால் கட்டத்தான் வேண்டும். ஆனால் சோதிக்க வேண்டியது வண்டியையும் காகிதத்தையும்தான். சீருடையில் உள்ள காவலர் கேட்டால் உரிமத்தைக் காட்ட வேண்டும் என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 130-வது பிரிவு. எந்தத் தெரு என்று சொல்ல வேண்டும் என அதில் இல்லை. உரிமம் இல்லாமலோ பதிவு இல்லாமலோ ஓட்டினால் வண்டியைப் பிடித்துவைக்க 207-வது பிரிவு இருக்கிறது. காகிதம் சரியாக இருப்பவரின் சாவியை எடுத்துக்கொள்ள எந்தப் பிரிவும் இல்லை.

அப்படியானால் 'காலனி' என்ற சொல் கேட்டதும் குரல் ஏன் மாறுகிறது? நம் ஆட்கள் ஊர்த்தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார்கள். பிறகு சைக்கிளில் இருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். இன்று பைக்கில் போகிறார்கள். வண்டி மாறினாலும் அதைப் பார்க்கும் கண் பல இடங்களில் மாறவில்லை. 2025 பிப்ரவரியில் மானாமதுரை அருகே தலித் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று குடும்பத்தார் புகார் சொன்னார்கள். ஊருக்குள் இருக்கும் அந்தக் கண் சீருடைக்குள்ளும் வந்துவிடக் கூடாது என்பதுதான் நம் கவலை.

பொதுச் சாலையில் யாரும் நடக்கலாம் என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தது 1924-ல். நூறு ஆண்டு தாண்டிவிட்டது. 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களில் இருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தது 2025 ஏப்ரலில். அதை வரவேற்றவர்கள் நாம். ஆனால் இருபது வயதில் எடுக்கும் ஓட்டுநர் உரிமம் நாற்பது வயது வரை செல்லும். பழைய முகவரியோடு எடுத்த பிள்ளைகள் இருபது ஆண்டுகளுக்கு அந்தச் சொல்லைச் சட்டைப்பையில் சுமந்துகொண்டு ஒவ்வொரு சோதனையிலும் நீட்ட வேண்டுமா?

எனவே மாவட்ட நிர்வாகத்திடம் நாம் கேட்பவை மூன்று. ஒன்று, வாகனச் சோதனையில் தெருவையோ சாதியையோ கேட்கக் கூடாது என்று காவல் கண்காணிப்பாளர் எழுத்து மூலம் உத்தரவிட வேண்டும். இரண்டு, வண்டியையோ சாவியையோ பிடித்துவைத்தால் காரணமும் நேரமும் எழுதிய சீட்டை அங்கேயே தர வேண்டும். மூன்று, உரிமத்திலும் ஆர்.சி.யிலும் 'காலனி' முகவரியைக் கட்டணமின்றி மாற்றித்தர, ஊர் ஊராக முகாம் நடத்த வேண்டும்.

மாணவர்களுக்குச் சில வார்த்தை. காகிதங்களைச் சரியாக வைத்திருங்கள். டிஜிலாக்கரில், எம்-பரிவாகனில் காட்டினாலும் செல்லும். 2018-ல் விதியே திருத்தப்பட்டிருக்கிறது. சாலையில் வாக்குவாதம் வேண்டாம். பெயர்ப்பட்டையில் உள்ள பெயர், இடம், நேரம் மூன்றையும் மனதில் வையுங்கள். வீடு வந்ததும் எழுதுங்கள். பொதுமக்கள் பார்க்கும் இடத்தில் சாதியைச் சொல்லித் திட்டினால் அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(s) பிரிவில் குற்றம். அவமானப்படுத்தும் நோக்கத்தோடு இழிவுபடுத்தினாலோ மிரட்டினாலோ 3(1)(r). செய்தவர் அரசு ஊழியர் என்பதால் சட்டம் அவரை விட்டுவிடுவதில்லை. 'காலனியா?' என்ற ஒரு கேள்வியே வழக்காக நிற்கும் என்று நாம் ஆசை காட்டவில்லை. ஆனால் அதைக் காவல் கண்காணிப்பாளரிடமும், 2021-ல் அமைந்த மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையத்திடமும் புகாராக எழுதலாம். எழுதாத புகார் நடக்காத சம்பவமாகிவிடும்.

எழுதினால் சாட்சி வேண்டும். அன்று அந்த டீக்கடையில் பத்துப் பேருக்கு மேல் இருந்தோம். எல்லோரும் பார்த்தோம், எல்லோரும் டீ குடித்தோம். அந்த 40 நிமிடத்தில் அரை மணி நேரம் நாமும் தயங்கித்தான் நின்றோம். இந்தப் பத்தியை எழுதும் நாமே தயங்கினோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. "என்ன குறை சார்?" என்ற மூன்று சொல்லுக்குத்தான் சாவி திரும்பி வந்தது. அதைச் சொல்ல எம்.ஏ. படித்திருக்க வேண்டியதில்லை, எந்தச் சாதியில் பிறந்தவரும் சொல்லலாம்.

அந்தத் தம்பி தேர்வில் வெல்லட்டும். ஒருநாள் அதே புறவழிச்சாலையில் சீருடையோடு நிற்கட்டும். உரிமத்தைப் பார்த்துவிட்டு, "சரி, பாத்துப் போங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பும் காவலராக இருக்கட்டும்.