இலை ஒன்று, தண்டனை இரண்டு

அமெரிக்காவில் வர்ஜினியா ராஜ்யத்தைச் சேர்ந்த பெட்போர்டு ஜில்லாவில், 2014-ம் வருஷம் செப்டம்பர் மாதம், ஆறாவது வகுப்பில் வாசித்துவந்த பதினோரு வயதுப் பாலகனது புத்தகப் பையைப் பள்ளிக்கூட அதிகாரி சோதனையிட்டார். ஓர் இலை அகப்பட்டது. அது கஞ்சா இலை என்று முடிவு செய்து, பையனை 364 நாட்களுக்குப் பள்ளியினின்றும் விலக்கினார்கள். கஞ்சா வைத்திருந்ததாகச் சிறார் கோர்ட்டில் கேஸும் தொடரப்பட்டது. பிறகு இலையைப் பரீட்சித்தார்கள். மூன்று தடவை பரீட்சித்தும் மூன்று தடவையும் அது கஞ்சா அல்லவென்றே ஏற்பட்டது. சர்க்கார் வக்கீல் கேஸை வாபஸ் வாங்கிக்கொண்டார். பள்ளிக்கூட நிர்வாகமோ தன் தண்டனையை வாபஸ் வாங்கவில்லை. கஞ்சாவாயினும் சரி, கஞ்சா போன்றதாயினும் சரி, விதி இரண்டையும் ஒன்றாகவே பாவிக்கிறது என்பது அதன் தரப்பில் கூறப்பட்ட சமாதானம். இலையின் உண்மை வெளியான பின்பும் மாதக் கணக்கில் அப்பாலகன் விலக்கப்பட்டே இருந்தான்.

போலி லாகிரி வஸ்துக்களைப் பற்றிய சட்டம் எதற்காகப் பிறந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். 1980-களின் தொடக்கத்தில் அந்நாட்டில் சிலர் காபீன், எபிட்ரின் முதலிய சாதாரணச் சரக்குகளை மாத்திரைகளாகச் செய்து, தடுக்கப்பட்ட மருந்துகளின் நிறமும் வடிவமும் கொடுத்து வாலிபர்களுக்கு விற்றுவந்தனர். பிடித்துப் பரீட்சித்தால் தடுக்கப்பட்ட வஸ்து எதுவும் அதில் இராது, ஆகவே தப்பித்துக்கொண்டனர். இந்த வஞ்சக வியாபாரத்தை ஒழிக்கவே பல ராஜ்யங்களிலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவற்றில் நாம் குற்றம் காணவில்லை. வர்ஜினியாவின் கிரிமினல் சட்டமும் போலிச் சரக்கை விற்பவனையும், கொடுப்பவனையும், விற்கும் எண்ணத்துடன் வைத்திருப்பவனையுமே தண்டிக்கிறது. ஐந்து வருஷம் வரையில் சிறைவாசம் விதிக்க இடமுண்டு. "அசல் சரக்கென்றே நினைத்தேன்" என்று சொல்லி அவன் தப்பவும் முடியாது. ஆனால் வெறுமனே வைத்திருப்பது அச்சட்டத்தின்படி குற்றமாகாது.

பள்ளிக்கூடச் சட்டத்தின் விநோதம் இங்கேதான் இருக்கிறது. சம்பவம் நடந்த காலத்தில் அமலிலிருந்த அச்சட்டம், பள்ளிக்குள் லாகிரி வஸ்துவைக் கொண்டுவருகிறவனோடு போலி வஸ்துவைக் கொண்டுவருகிறவனையும் ஒரே வரியில் சேர்த்து, இருவரையும் நீக்கும்படி சொல்லிற்று. விற்கும் எண்ணம் உண்டா, இல்லையா என்ற கேள்வியே அதில் இல்லை. வயது வந்தவன் கையில் இருந்தால் குற்றமாகாத ஒன்று, பாலகனின் பையில் இருந்தால் அவன் படிப்பையே பறிக்கும் குற்றமாகிறது! அதே சட்டத்தில் மற்றொரு வாசகமும் இருந்தது: விசேஷ சந்தர்ப்பங்களை உத்தேசித்து வேறு தண்டனை விதிக்கலாம் என்று நிர்வாகிகளுக்கு அதிகாரம் அளிக்கப்பட்டிருந்தது. ஆகையால் "சட்டம் எங்கள் கையைக் கட்டிவிட்டது" என்று அவர்கள் சொல்வதற்கில்லை. 365 நாட்கள் விலக்கினால்தான் அது பள்ளி நீக்கம். 364 நாட்களானால் தற்காலிக விலக்காம்! ஒரு நாளைக் குறைத்துக் காட்டிய இந்தத் தயாளத்தை என்னென்பது!

துப்பாக்கி கொண்டுவரும் மாணவனை ஒரு வருஷம் நீக்கவேண்டுமென்று 1994-ல் மத்திய சர்க்கார் சட்டம் செய்தது. அதே மனப்பான்மை பிறகு இலைக்கும் மாத்திரைக்கும் பரவிற்று. இந்தக் கண்மூடித்தனமான கண்டிப்பினால் பள்ளிகளில் பத்திரம் அதிகப்பட்டதற்கு ருசு இல்லையென்று அமெரிக்க மனோதத்துவ சங்கத்தின் நிபுணர் குழு 2008-ல் பிரசுரமான தன் அறிக்கையில் கூறியிருக்கிறது. அதற்கு வெகு காலம் முன்பே, 1975-ல், பத்து நாள் விலக்குவதற்குக்கூட மாணவனிடம் குற்றத்தைச் சொல்லி அவன் பதிலைக் கேட்கவேண்டுமென்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. பதிலைக் கேட்பது என்றால் காதால் கேட்பது மட்டுந்தானா? அந்தப் பதிலைப் பரீட்சையும் மெய்ப்பித்த பிறகு தண்டனை எவ்வாறு நிற்கும்?

பெண்டனில் கலந்த கள்ள மாத்திரைகள் உயிரைக் குடிக்கும் காலம் இது. உபாத்தியாயர்களின் பயத்தை நாம் பரிகசிக்கவில்லை. சந்தேகத்துக்கிடமான பொருளை உடனே பறிமுதல் செய்யட்டும். பெற்றோரை வரவழைக்கட்டும். ஆனால் பரீட்சை முடிவு வரும் வரையில் பையன் வகுப்பில் இருக்கட்டும்.

வர்ஜினியா சட்டசபை 2018-ல் நீண்டகால விலக்கின் உச்ச வரம்பை 45 பள்ளி நாட்களாகக் குறைத்தது. நல்ல காரியமே. எனினும் விசேஷக் காரணம் காட்டினால் பழைய 364 நாட்களுக்கே போகலாமென்று வழி விட்டுவைத்திருக்கிறது. அந்த வழியை அடைக்கவேண்டும். கிரிமினல் சட்டத்தில் விற்பனையாளனுக்கென்று எழுதிய "விற்கும் எண்ணம்" என்ற வார்த்தைகளை, போலி வஸ்துவைப் பொறுத்தமட்டில், பள்ளிக்கூடச் சட்டத்திலும் சேர்க்கவேண்டும்.