உங்க போன் லொகேஷன் சரியா காட்டுதா? அதை முடிவு பண்றது யாரு?

போடி, சிலமலை பக்கம் ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்கள் காலையிலேயே மலை ஏறிவிடும். போடிமெட்டு கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்றுபோனால், போனில் லொகேஷன் அனுப்பினால் போதும். அந்தப் புள்ளி 100 மீட்டர் தள்ளி விழுந்தால்? மலையில் அது வேற வளைவு, வேற பள்ளம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த சரிவு இது. இங்கே தேடிப் போகிறவர்களுக்கு ஒவ்வொரு மீட்டரும் முக்கியம்.

100 மீட்டர் கணக்கு எங்கிருந்து வந்தது?

அமெரிக்க ராணுவம் உருவாக்கியதுதான் ஜிபிஎஸ். எதிரிகள் பயன்படுத்திவிடக் கூடாது என்று, பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்தார்கள். இதனால் 100 மீட்டர் வரை இடம் மாறிக் காட்டும். 2000 மே மாதத் தொடக்கத்தில் அதிபர் கிளிண்டன் உத்தரவில் அதை நிறுத்தினார்கள். துல்லியம் 10 மடங்கு வரை கூடியது. புது செயற்கைக்கோள் எதுவும் ஏவவில்லை. ஒரே ஒரு முடிவு, அவ்வளவுதான்!

இனி வரும் செயற்கைக்கோள்களில் அந்த வசதியே இருக்காது என்று 2007-ல் அமெரிக்கா அறிவித்தது. நல்ல விஷயம். ஆனால் அதுவும் அவர்கள் எடுத்த முடிவுதானே?

நம்மிடம் என்ன இருக்கு?

இஸ்ரோவின் நாவிக். இந்தியாவுக்குள் 20 மீட்டருக்கும் குறைவான பிழை என்பது இலக்கு. இதன் செயற்கைக்கோள்கள் சில நம் வானத்தில் உயரத்தில் நிற்பதால், சுற்றிலும் மலை மறைக்கிற இடங்களுக்கு ரொம்பப் பொருத்தம்.

சிக்கல் வேறு இடத்தில். இடத்தைக் கணிக்கக் குறைந்தது 4 செயற்கைக்கோள்கள் தேவை. இதுவரை ஏவிய 11-ல், இடம் காட்டும் சேவைக்கு உதவுபவை 4 மட்டுமே என்று 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. சிலவற்றில் அணுக் கடிகாரங்கள் பழுதாகின. 2025 ஜனவரியில் ஏவிய என்விஎஸ்-02 உரிய சுற்றுப்பாதைக்கே போகவில்லை. ஒன்று மக்கர் பண்ணினாலும் கதை முடிந்தது.

'போனில் ஜிபிஎஸ், கலிலியோ எல்லாம் இருக்கே, நாவிக் எதுக்கு?' என்று கேட்கலாம். இன்றைக்குச் சரி. அவை எல்லாமே அடுத்தவர் வீட்டு விளக்கு. சுவிட்ச் நம் கையில் இல்லை.

போன் கம்பெனிகளிடம் 'நாவிக் வையுங்கள்' என்று கேட்பதற்கு முன், அரசு ஒரு வாக்குறுதி தர வேண்டும்: மாற்றுச் செயற்கைக்கோள்கள் எந்தத் தேதிக்குள் மேலே போகும்? துல்லியம் இத்தனை மீட்டருக்குக் குறையாது என்று எழுத்தில் தருவீர்களா? ஜீப்பில் மலை ஏறுகிறவருக்குத் தேவை ராக்கெட் ஏவிய பெருமை இல்லை. கூப்பிட்டால் ஆள் சரியான வளைவுக்கு வந்து சேரணும்.