காகிதப்பூவுக்குத் தினம் தண்ணீர் எதற்கு?

எங்கள் தெருவில் காகிதப்பூச் செடி வைத்திருப்பவர்களுக்கு ஒரே குறைதான்: இலை மண்டிக் கிடக்கிறது, பூவைக் காணோம். தினமும் இரண்டு குடம் ஊற்றுகிறார்கள். அதுதான் வினையே. விளாத்திகுளத்தில் குடிதண்ணீருக்குக் காத்துக் கிடக்கும் நாம், கேட்காத செடிக்கு இப்படி ஊற்றுவது நியாயமில்லை.

கரிசல் மண் வாங்கிய ஈரத்தை லேசில் விடாது. மூன்று வருஷம் என் மனைவி பார்த்துப் பார்த்து வளர்த்த செடி, ஒரு கார்த்திகை மழையில் வேர் அழுகிப் போயிற்று.

அடுத்ததை ஒரு முழம் மேடு போட்டு, செம்மண்ணும் சரளையும் கலந்து, நல்ல வெயிலில் வைத்தேன். வேர் பிடிக்கும்வரைதான் தவறாமல் தண்ணீர். இப்போதெல்லாம் மண் காய்ந்து இலை லேசாக வாடினால்தான் ஒரு குடம். பூத்து ஓய்ந்ததும் கவாத்து. புதுக் கிளையில்தான் பூ வரும். (பூ என்று நாம் சொல்லும் அந்த வண்ணத்தாளும் இலைதான். நடுவிலுள்ள சின்ன வெள்ளைக் குழலே பூ.)

பூகன்வில் என்ற பிரெஞ்சுக் கப்பல் தளபதி 1766 முதல் 1769 வரை உலகைச் சுற்றியதைப் பள்ளியில் படித்திருக்கிறேன். போகன்வில்லா என்ற பெயர் அவருடையது. அவரோடு போன கொம்மெர்சோன் பிரேசிலில் கண்ட செடி இது.

இதையெல்லாம் வீட்டிலும் சொல்லியாயிற்று. நான் மதியம் கண்ணயர்ந்ததும் அரைக் குடம் ஊற்றிவிடுகிறாள்.