கவுதாரிக்கு எந்தத் துப்பாக்கி?

போன ஞாயித்துக்கிழமை கணபதியிலிருந்து என் தங்கச்சி மகன் தோட்டத்துக்கு வந்திருந்தார். லேத் பட்டறை நல்லா ஓடுது. அன்னூர் பக்கம் ரெண்டு ஏக்கர் வாங்கி, கம்பிவேலி போட்டு, நடுவுல ஒரு வீடும் கட்டிட்டார். எளநீ குடிச்சுக்கிட்டே கேட்டார்:

"மாமா, துப்பாக்கி லைசென்ஸ் எடுக்கலாம்னு இருக்கறனுங்க. காடை, கவுதாரி சுடறதுக்கு டபுள் பேரல்தான் நல்லதுங்கறாங்க. 12 போர்ல சுட்டா சின்னப் பறவை பிஞ்சு போயிருமாமா. 20 எடுக்கலாமா, 28 எடுக்கலாங்களா?"

எனக்குச் சுருக்குன்னு கோபம் வந்துச்சு. ஆனா கேட்டது மாப்பிள்ளை. அதனால கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லிட்டேன். உங்களுக்கும் சொல்றேன்.

போர்ங்கறது பழைய இங்கிலாந்துக் கணக்கு. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டையா உருட்டினா, ஒரு உருண்டை எந்தக் குழலுக்குள்ள சரியாப் போகுமோ அது 12 போர். சுமார் 18.5 மில்லிமீட்டர். 20 உருண்டையா உருட்டினா 20 போர், 15.6 மில்லிமீட்டர். 28 போர்னா 14 மில்லிமீட்டர்தான். நம்பர் ஏற ஏற குழல் சிறுக்கும். துப்பாக்கி எடை குறையும், தோள்ல உதையும் குறையும்.

ரெட்டைக் குழல் எதுக்குன்னா, ஒரு குழலோட வாய் கொஞ்சம் அகலமா இருக்கும், இன்னொன்னு ஒடுங்கியிருக்கும். பறவை கிட்டக்க எந்திரிச்சா அகலமானது, தூரம் போயிட்டா ஒடுங்கினது. ரெண்டாவது வெடி உடனே கிடைக்கும்.

ஆனா "சின்னப் பறவைக்குச் சின்னத் துப்பாக்கி"ங்கறது தப்புக்கணக்கு. பறவைக்குத் தகுந்த மாதிரி மாத்த வேண்டியது ரவையோட பருமனை. சின்னக் குழல்ல அதே ரவை கம்மியாப் போகும், அவ்வளவுதான். ரவை கம்மியானா, பழகாத கையில பறவை சாகாது. காயம்பட்டு வேலிக்குள்ள பூந்து, ரெண்டு நாள் கழிச்சுச் சாகும். சின்னக் குழல் கைதேர்ந்தவன் பிடிக்கிறது. புதுசாப் பிடிக்கிறவனுக்கு இல்ல.

மாப்பிள்ளை சிரிச்சுட்டு, "அப்ப 12 போரே எடுத்துக்கறனுங்க மாமா"ன்னார். அப்பத்தான் நான் வாயைத் திறந்தேன்.

மாப்ள, காட்டுக் கவுதாரியை இந்த நாட்டுல எந்தத் துப்பாக்கியாலயும் சுடக்கூடாதுங்க. 1972-ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தப்ப சிறு வேட்டைக்குன்னு ஒரு லைசென்ஸ் இருந்துச்சு. 1991 திருத்தத்துல அதையும் எடுத்துட்டாங்க. துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருக்கறது வேற, வேட்டைக்கு அனுமதி இருக்கறது வேற. முன்னது கிடைச்சாலும் பின்னது கிடையாது. காடைக்கறி வேணும்னா பண்ணையில ஜப்பான் காடை வளர்த்து விக்கிறாங்க, வாங்கிச் சாப்பிடுங்க. சுடத்தான் ஆசைன்னா ரைபிள் கிளப்புல சேர்ந்து களிமண் தட்டைச் சுடுங்க. அதுக்கு உசுரில்லை.

இதுல எனக்கு வயித்தெரிச்சல் வேற இடத்துல. 1959 ஆயுதச் சட்டத்தோட 13-வது பிரிவைப் படிச்சுப் பாருங்க. தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்டா, 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் வெச்ச துப்பாக்கி. பயிரைக் காக்கணும்னு கேட்டா, வாய்வழியா மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி. அது பத்தாதுன்னு அதிகாரிக்குத் தோணினாத்தான் வேற. விளையாடறவனுக்குத் தோட்டா, வெள்ளாமை பண்றவனுக்குக் கரிமருந்து!

அந்தத் துப்பாக்கியையும் எதுக்குச் சுடறது? நிலக்கடலை போட்ட மூணாம் நாள் மயில் கூட்டம் இறங்கி விதையைக் கிளறித் தின்னுது. மயில் தேசியப் பறவை, முதல் பட்டியல்ல இருக்கு. தொட்டா மூணு வருஷத்துல இருந்து ஏழு வருஷம் ஜெயில். காட்டுப்பன்னிக்கு 2025 ஜனவரியில அரசாங்கம் ஒரு வழி சொல்லுச்சு: காப்புக்காட்டுல இருந்து மூணு கிலோமீட்டருக்கு அப்பால வந்தா சுடலாம். அதையும் வனத்துறைதான் சுடணும், நாம இல்ல. ராத்திரி ரெண்டு மணிக்குப் பன்னி மக்காச்சோளத்துல நிக்கறப்ப நான் தகரம் தட்டிக்கிட்டுத்தான் நிக்கறேன்.

நரிக்குறவர் மக்களை நினைச்சுப் பாருங்க. குருவிக்காரர்னே அவங்களுக்கு ஒரு பேரு உண்டு. காடை கவுதாரி பிடிச்சு வித்துத்தான் வயித்தைக் கழுவினாங்க. சட்டம் வந்ததும் அந்தத் தொழில் குத்தமாயிருச்சு, ஊசி பாசிக்கு மாறினாங்க. பழங்குடிப் பட்டியல்ல சேர்த்ததே 2023 தொடக்கத்துலதான். பசிக்குப் பிடிச்சவன் விட்டுட்டான். வெள்ளாமை போனவனும் கையைக் கட்டிக்கிட்டு இருக்கான். வாரக் கடைசியில பொழுது போகலைன்னு வர்றவங்களுக்கு மட்டும் எதுக்குங்க துப்பாக்கி?

"சலீம் அலியே துப்பாக்கியிலதான ஆரம்பிச்சார்"னு சிலர் கேப்பீங்க. வாஸ்தவம். சின்ன வயசுல ஏர்கன்ல ஒரு குருவியைச் சுட்டார். சுட்டவர் அது என்ன குருவின்னு கேட்டுக்கிட்டுப் போனார். அந்தக் கேள்விதான் அவரை ஆளாக்குச்சு. அவர் பேர்ல இருக்கிற பறவை ஆராய்ச்சி மையம் நம்ம ஆனைகட்டியிலதான் இருக்கு. ஒரு நாள் போய்ட்டு வாங்க.

இன்னொன்னும் சொல்லணும், இது என் தப்பு. எங்கப்பாரு காலத்துல பண்ணாடி வீட்டு ரெட்டைக்குழல் துப்பாக்கி வருஷா வருஷம் வெடிச்சுது. அந்தக் கறியை நானும் தின்னிருக்கேன். ஆனாலும் விடிஞ்சா கிளுவை வேலிக்குள்ள கவுதாரிச் சத்தம் காதைப் பிளக்கும். துப்பாக்கியால அது ஒழியலை. நாலு வருஷத்துக்கு முன்னால, வடக்கு வேலியில ரெண்டடி நிலம் மிச்சமாகும்னு ஜேசிபியை விட்டுக் கிளுவையைப் பிடுங்கிட்டு நான் கம்பி போட்டேன். அதோட அந்தப் பக்கம் சத்தம் நின்னுபோச்சு. கவுதாரி தரையில புதர் ஓரமா முட்டையிடற பறவை. கம்பிக்கடியில எங்க இடும்? கரையானையும் வெட்டுக்கிளியையும் பொறுக்கித் தின்ன வேலைக்காரனை நானே விரட்டிட்டேன்.

அதனால மாப்பிள்ளைகிட்ட முடிவாச் சொன்னது இதுதான்: துப்பாக்கிக்கு ஒதுக்கின காசுல உங்க கம்பிவேலி ஓரமா கிளுவைப் போத்து வாங்கி நடுங்க. மழைக்கு முன்னால வெட்டி ஊனினா தானா துளுக்கும். இந்த வருஷம் வடக்கு வேலியில நானும் ஊனறேன். உங்களுக்கும் சேர்த்து வெட்டி வெக்கறேன்.

அவர் பதில் சொல்லலை. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுக் காரை எடுத்துட்டுப் போயிட்டார். போகட்டும். மழைக்கு முன்னால போத்துக்குப் போன் பண்றாரான்னு பார்க்கறேன்.